வண்டி தயார், எரிபொருள் எங்கே? ஹைட்ரஜன் வாகனங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

"தண்ணீரில் ஓடும் கார்" என்ற தலைப்பில் ஒரு வீடியோ அவ்வப்போது கைபேசிக்குக் கைபேசி தாவி வரும். பல சமயம் அதில் காட்டப்படுவது ஹைட்ரஜன் கார்தான். அந்தக் காருக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு, ஆனால் தலைகீழான தொடர்பு. தண்ணீர் அதன் எரிபொருள் அல்ல, அதன் புகை. உள்ளே போவது ஹைட்ரஜன், வெளியே வருவது தண்ணீர்.

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். அதனால் தண்ணீரை ஹைட்ரஜனின் சாம்பல் என்றே சொல்லலாம். சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு எரிக்க முடியாது. அதைத் திரும்பவும் விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது எவ்வளவு ஆற்றல் வெளியே வந்ததோ அவ்வளவையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டியிருக்கும். இது மனதில் பதிந்துவிட்டால், ஹைட்ரஜன் வாகனங்களைப் பற்றி வரும் செய்திகளில் பாதிக்கு மேல் எளிதாகப் புரிந்துவிடும்.

ஏனென்றால் இந்தத் துறையின் சிக்கல் வண்டியில் இல்லை. வண்டி ஏறக்குறைய தயாராகிவிட்டது, பத்தாண்டுக்கு மேலாகச் சாலையில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதற்குள் ஊற்ற வேண்டிய ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது, எப்படி வந்து சேர்கிறது, என்ன விலைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் வண்டியைப் பார்ப்போம், அப்புறம் அந்தக் கதைக்கு வருவோம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஹைட்ரஜன் வாகனம் என்று பொதுவாகச் சொல்வது, எரிபொருள் கலம், அதாவது ஃப்யூயல் செல், வைத்த மின்சார வாகனத்தைத்தான். சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார். பேட்டரி காரிலும் அதே மோட்டார்தான். வித்தியாசம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பேட்டரி கார் வெளியே தயாரான மின்சாரத்தைச் சேமித்து எடுத்துக்கொண்டு ஓடுகிறது. எரிபொருள் கலக் கார் போகிற போக்கில் மின்சாரத்தைத் தயாரித்துக்கொண்டே ஓடுகிறது.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர் உண்டாகும், ஆற்றலும் வெளிப்படும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு தீப்பொறி வைத்தால் அந்த ஆற்றல் ஒரே நொடியில் வெடியாக வெளியேறிவிடும். ஆற்றில் வரும் வெள்ளத்தை அப்படியே கடலில் விட்டால் ஒரு பயனும் இல்லை. நடுவில் மறித்து, வாய்க்காலில் திருப்பி, ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, பிறகு கடலில் விட்டால் வேலை நடக்கும். எரிபொருள் கலம் செய்வது இந்த வாய்க்கால் வேலைதான்.

கலத்தின் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போன்ற ஒரு சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் சாதாரணக் காற்று. சவ்வின் இரு பக்கங்களிலும் பிளாட்டினத் துகள்கள் பூசியிருக்கும். ஹைட்ரஜன் பக்கத்தில் பிளாட்டினத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணு, புரோட்டான் என்றும் எலக்ட்ரான் என்றும் இரண்டாகப் பிரிகிறது. புரோட்டானுக்குச் சவ்வு வழி விடும், எலக்ட்ரானுக்கு வழி விடாது. எலக்ட்ரானுக்கும் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும், ஆனால் நேர்வழி அடைத்திருக்கிறது. அதனால் வெளியே இருக்கும் கம்பி வழியாகச் சுற்றிப் போகிறது. எலக்ட்ரான்கள் கம்பியில் ஓடினால் அதற்குப் பெயர் மின்சாரம். போகிற வழியில் மோட்டாரைச் சுற்றிவிட்டு, மறுபக்கத்துக்கு வந்து, அங்கே காத்திருக்கும் புரோட்டானோடும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து தண்ணீராகிறது. அவ்வளவுதான். எதுவும் தீப்பற்றி எரியவில்லை, அசையும் உறுப்பு எதுவும் கலத்துக்குள் இல்லை. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்தது இந்த அமைதிதான்.

இப்படி ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, 0.6 அல்லது 0.7 வோல்ட். அதை வைத்துக் கார் ஓட்ட முடியாது. அதனால் நூற்றுக்கணக்கான கலங்களை ரொட்டித் துண்டுகளை அடுக்குவது போல ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்குகிறார்கள். டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை மிராய் காரில் 330 கலங்கள் கொண்ட அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் திறன் 128 கிலோவாட்.

இதோடு ஒரு சிறிய பேட்டரியும் கட்டாயம் இருக்கும். திடீரென்று வேகமெடுக்கும்போது கலம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஈடுகொடுக்கும், அந்த இடைவெளியைப் பேட்டரி நிரப்பும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. ஹைட்ரஜனைப் பெட்ரோல் போலவே என்ஜினுக்குள் எரித்து ஓட்டும் வண்டிகளும் உண்டு. அது வேறு தொழில்நுட்பம். அங்கே உண்மையிலேயே தீ எரிகிறது. அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன, திறனும் குறைவு. இந்தக் கட்டுரையில் அதைப் பற்றிப் பேசவில்லை.

நீதிபதியின் கண்டுபிடிப்பு

மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கலாம் என்பது 1800 முதலே தெரியும். அப்படியானால் இரண்டையும் சேர்த்து மின்சாரத்தைத் திரும்பப் பெற முடியாதா? இந்தக் கேள்வியை 1838, 1839 வாக்கில் இரண்டு பேர் தனித்தனியாகத் தொட்டார்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வேலை பார்த்த கிறிஸ்டியான் ஷோன்பைன். இன்னொருவர் வேல்ஸில் பிறந்த வில்லியம் க்ரோவ். பிளாட்டினத் தகடுகளை அமிலத்தில் பாதி மூழ்க வைத்து, மேல் முனைகளை ஹைட்ரஜன், ஆக்சிஜன் நிரம்பிய குழாய்களுக்குள் வைத்தார் க்ரோவ். மின்சாரம் வந்தது. பிறகு அப்படிப் பல குழாய்களை வரிசையாக இணைத்து, அதில் கிடைத்த மின்சாரத்தைக் கொண்டே இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார். தண்ணீர் உருவாவதால் வரும் மின்சாரம் தண்ணீரையே பிரிக்கிறது! க்ரோவ் தொழிலால் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி ஆனவர்.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நிலக்கரியும் பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தபோது யாருக்கும் இது தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் விடாமல் உழைத்து, 1959இல் 5 கிலோவாட் தரும் கலம் ஒன்றை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1,008 கலங்கள் பூட்டிய ஒரு டிராக்டரை வயலில் உழ வைத்தது. எரிபொருள் கலத்தில் ஓடிய முதல் வாகனங்களில் ஒன்று காராக இல்லாமல் உழவு வண்டியாக இருந்தது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

உண்மையான வாய்ப்பு விண்வெளியில் கிடைத்தது. அங்கே எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், விலை இரண்டாம் பட்சம். 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரித்த சவ்வு வகைக் கலம் பறந்தது. இன்றைய கார்களில் இருப்பதற்கு அதுதான் மூதாதை. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களில் பேக்கனின் வகையைச் சேர்ந்த கலங்கள் இருந்தன. மின்சாரமும் கொடுத்தன, விண்வெளி வீரர்கள் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தன.

1970 ஏப்ரலில் அப்போலோ 13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் வரத்து நின்றது. அதோடு கலங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மின்சாரமும் போனது, குடிநீரும் போனது. கலத்தின் அடிப்படையில் ஒரு குறையும் இல்லை, அதற்கு வந்து சேர வேண்டியதுதான் வரவில்லை. பூமியில் இன்று ஹைட்ரஜன் வாகனங்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

சாலைக்கு வந்த கதை

1966இல் ஜெனரல் மோட்டார்ஸ் எலெக்ட்ரோவேன் என்ற வண்டியை உருவாக்கியது. ஒரு முழு வேனின் பின்பகுதியைத் தொட்டிகளும் குழாய்களும் கலங்களும் அடைத்துக்கொண்டன. திரவ ஹைட்ரஜனுக்கு ஒரு தொட்டி, திரவ ஆக்சிஜனுக்கு இன்னொன்று. உட்கார இடம் இரண்டு பேருக்குத்தான். எடை 3 டன்னுக்கு மேல். அது அப்படியே காட்சிப்பொருளாக நின்றுவிட்டது.

ஒரு வேனையே அடைத்துக்கொண்ட அந்தப் பொருளைக் காரின் முன்மூடிக்குள் அடக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1990களில் கனடாவின் பாலார்ட் நிறுவனம் சவ்வு வகைக் கலத்தை வெகுவாகச் சுருக்கி, 1993இல் ஒரு பேருந்தை ஓட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டு டைம்லர் நிறுவனம் நெகார் என்ற சோதனை வண்டியைக் கொண்டுவந்தது. அதுவும் வேன்தான், அதிலும் இடம் இரண்டு பேருக்குத்தான்! ஆனால் அடுத்தடுத்த மாதிரிகளில் அந்தச் சுமை வேகமாகச் சுருங்கியது.

2003 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் பேசும்போது, இன்று பிறக்கும் குழந்தை ஓட்டப்போகும் முதல் கார் ஹைட்ரஜனில் ஓடக்கூடும் என்றார். ஆராய்ச்சிக்கு 120 கோடி டாலர் கேட்டார். அந்தக் குழந்தை இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டது. ஓட்டும் கார் பெட்ரோலில் ஓடுவதாக இருக்கலாம், பேட்டரியில் ஓடுவதாகவும் இருக்கலாம். ஹைட்ரஜன் காராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் கார் வராமல் போகவில்லை. 2008இல் ஹோண்டா, எஃப்சிஎக்ஸ் கிளாரிட்டியைக் குறைந்த எண்ணிக்கையில் வாடகைக்குக் கொடுத்தது. 2013இல் ஹூண்டாய் தொடர் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 டிசம்பரில் டொயோட்டாவின் மிராய் விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய மொழியில் மிராய் என்றால் எதிர்காலம். அடுத்த மாதமே, எரிபொருள் கலம் தொடர்பான தன் 5,680 காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று டொயோட்டா அறிவித்தது. போட்டி நிறுவனங்களும் இதில் இறங்கினால்தான் எரிபொருள் நிலையங்கள் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. வண்டி செய்பவர்களுக்கே சிக்கல் எங்கே என்று அப்போதே தெரிந்திருந்தது.

இந்தக் கார்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 100 கிலோமீட்டர் போகலாம். 2021இல் கலிபோர்னியாவில் ஒரு மிராய், ஒரே முறை நிரப்பிய 5.65 கிலோவில் 1,360 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தது. அது சிக்கனமாக ஓட்டத் தெரிந்தவர்கள் பொறுமையாக ஓட்டிய கணக்கு. இருந்தாலும் வண்டியின் தரத்துக்கு அது ஒரு சான்று. நிரப்புவதற்கு 5 நிமிடம் போதும். உறைபனியில் நின்றாலும் கிளம்பும்.

ஆயுளுக்கும் விலைக்கும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஒரு காருக்கு 10 முதல் 30 கிராம் வரை பிளாட்டினம் தேவைப்படுகிறது, அதைக் குறைக்க முயற்சி நடக்கிறது. இன்னொன்று, பிளாட்டினம் அழுக்கைத் தாங்காது. ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு ஒரு துளி கலந்திருந்தாலும் அது பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். அதனால் வாகனத்துக்கான ஹைட்ரஜன் 99.97 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரவிதி. உள்ளே இழுக்கும் காற்றையும் வண்டி வடிகட்டித்தான் கலத்துக்கு அனுப்புகிறது.

இடம் கேட்கும் வாயு

சரி, இப்போது எரிபொருளுக்கு வருவோம்.

எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனுக்கு இணையான எரிபொருள் இல்லை. ஒரு கிலோவில் 33 கிலோவாட் மணி (மின்கட்டணத்தில் யூனிட் என்பது இதுதான்) ஆற்றல் இருக்கிறது, பெட்ரோலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் இருப்பதிலேயே லேசான வாயு என்பதால் அது இடத்தை விழுங்கும். மிராயில் நிரப்பும் 5.6 கிலோ ஹைட்ரஜனைச் சாதாரண அழுத்தத்தில் விட்டால் ஒரு பெரிய அறை முழுவதும் வேண்டும். அதைக் காருக்குள் அடைக்க 700 பார் அழுத்தம் கொடுக்கிறார்கள். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று அதிகம். 700 பார் என்பது கடலுக்கடியில் 7 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம்.

இதைத் தாங்கக் கார்பன் இழைகளைச் சுற்றிச் சுற்றித் தொட்டி செய்கிறார்கள். வண்டியில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. தொட்டியின் எடையோடு ஒப்பிட்டால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சுமார் 6 சதவீதம்தான். இவ்வளவு அழுத்திய பிறகும் 5.6 கிலோ ஹைட்ரஜனுக்கு 140 லிட்டர் இடம் பிடிக்கிறது. அதே ஆற்றல் 21 லிட்டர் பெட்ரோலில் இருக்கிறது. எரிபொருளின் ஆற்றலை வேலையாக மாற்றுவதில் கலத்தின் திறன் பெட்ரோல் என்ஜினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால்தான் கணக்கு ஒருவாறு நேராகிறது.

காரில் இப்படி என்றால் லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது இன்னும் கடினம். ஒரு பெரிய டேங்கர் லாரி 25 டன் வரை பெட்ரோல் சுமக்கும். அதே அளவு லாரி, எஃகு உருளைகளில் அழுத்திய ஹைட்ரஜனைச் சுமந்தால் 300, 400 கிலோதான் கொண்டுபோக முடியும். மீதி எடை முழுக்க இரும்பு. திரவமாக்கினால் அதிகம் கொண்டுபோகலாம், ஆனால் அதற்கு மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அந்தக் குளிர்விப்பே ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரத்தைச் சாப்பிட்டுவிடும்.

நிரப்பும் நிலையத்திலும் இதே தலைவலிதான். வேகமாக அழுத்தி நிரப்பும்போது தொட்டிக்குள் சூடேறும். அதனால் வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை முன்கூட்டியே குளிர்வித்து அனுப்ப வேண்டும். அழுத்தும் பம்புகள், குளிர்விப்பான்கள், உயர் அழுத்தக் கிடங்கு என்று ஒவ்வொரு நிலையமும் ஒரு சிறு தொழிற்சாலைதான். ஒன்று பழுதானால் வரிசையில் நிற்பவர்கள் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

ஆபத்தில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து 36 பேர் இறந்த படம் இன்னும் பலர் மனதில் இருக்கிறது. ஹைட்ரஜன் சுலபமாகத் தீப்பற்றும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் இல்லை. சமையல் எரிவாயுவில் கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்ப்பது போல மணப்பொருள் சேர்க்கவும் முடியாது, அதிலிருக்கும் கந்தகம் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் மின்னணு உணரிகளை நம்பித்தான் செய்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசானது, திறந்த வெளியில் கசிந்தால் சடாரென்று மேலே போய்விடும். பெட்ரோல் போலத் தரையில் தேங்கி நின்று எரியாது. தொட்டி சூடானால் வாயுவைக் கட்டுப்பாட்டோடு வெளியே விடும் வால்வும் இருக்கிறது.

2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோ அருகே ஒரு நிரப்பும் நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாததுதான் காரணம். யாரும் இறக்கவில்லை. ஆனால் அந்த ஒரே நிகழ்வால் அந்த நாட்டில் இந்தக் கார்களின் விற்பனையே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. கார்களில் பழுது இல்லை, நிரப்ப இடம்தான் இல்லாமல் போனது.

எங்கிருந்து வருகிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும்.

ஹைட்ரஜன் பிரபஞ்சத்தில் அதிகமாக இருக்கும் தனிமம் என்று எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் பூமியில் அது பெரும்பாலும் தனியாகக் கிடைப்பதில்லை. தண்ணீரிலோ இயற்கை எரிவாயுவிலோ கட்டுண்டு கிடக்கிறது, ஆற்றல் செலவழித்துத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

2023இல் உலகம் தயாரித்த ஹைட்ரஜன் சுமார் 9.7 கோடி டன். அதில் மாசு குறைந்த வழியில் தயாரானது ஒரு சதவீதம்கூட இல்லை. மற்றதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சூடாக்கி எடுக்கும் முறையில், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. இதைச் சாம்பல் நிற ஹைட்ரஜன் என்கிறார்கள். அந்தக் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைத்தால் நீலம். சூரிய மின்சாரம், காற்றாலை மின்சாரம் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்தால் பச்சை. வாயுவுக்கு நிறம் கிடையாது, இவை வெறும் அடையாளப் பெயர்கள். காரின் பின்னால் சொட்டுவது சுத்தமான தண்ணீர்தான், ஆனால் எங்கோ ஒரு ஆலையின் புகைபோக்கியில் அந்தக் காருக்கான புகை ஏற்கெனவே போய்விட்டிருக்கலாம்.

அப்படியானால் பச்சை ஹைட்ரஜனையே பயன்படுத்தலாமே? இங்கேதான் சாம்பலை விறகாக்கும் கணக்கு வருகிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அழுத்தவும் குளிர்விக்கவும் இன்னும் கொஞ்சம். மொத்தம் 60 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவில் கார் ஓடுவது 100 கிலோமீட்டர். அதே 60 கிலோவாட் மணியை நேரடியாக ஒரு பேட்டரி காரில் ஏற்றினால் அது 300 கிலோமீட்டர் வாக்கில் ஓடும்.

மூன்று மடங்கு. இந்த வித்தியாசத்தை எந்தக் கண்டுபிடிப்பாலும் முழுக்க அழிக்க முடியாது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, கொண்டுபோய், மறுபடி மின்சாரமாக்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போதெல்லாம் சிந்துவது போலத்தான். பேட்டரிக்கு இந்த ஊற்றல்கள் குறைவு.

கார் தோற்ற பந்தயம்

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: சொந்தப் பயன்பாட்டுக் காரில் ஹைட்ரஜன் தோற்றுவிட்டது. வண்டி மோசம் என்பதால் அல்ல. ஹைட்ரஜன் கார் சாலைக்கு வந்த அதே காலத்தில் பேட்டரியின் விலை சரிந்தது. 2010இல் ஒரு கிலோவாட் மணி லித்தியம் பேட்டரிக்கு 1,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது, 2024இல் அது 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. மின்சாரம் ஏற்கெனவே எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

2023 முடிவில், மின்இணைப்பில் சார்ஜ் செய்யும் கார்கள் உலகில் 4 கோடியைத் தொட்டிருந்தன. எரிபொருள் கல வாகனங்கள் கார், பேருந்து, லாரி எல்லாம் சேர்த்தே ஒரு லட்சத்தைத் தொடவில்லை. கலிபோர்னியாவில் சில நிலையங்களில் ஒரு கிலோ 36 டாலர் வரை போனது. முழுத் தொட்டி நிரப்ப 200 டாலர்! 2024இல் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் நிலையங்களை மூடியது. நம்பி வாங்கியவர்கள், ஓடும் நிலையத்தைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. அவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு வாங்கியவர்கள் அவர்கள். 2025இல் ஸ்டெல்லாண்டிஸ், ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டும் தங்கள் வாகன எரிபொருள் கலத் திட்டங்களை நிறுத்தின. எலெக்ட்ரோவேன் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ்தான்.

எல்லோரும் விட்டுவிடவில்லை. ஹூண்டாய் 2025இல் புதிய நெக்ஸோ காரைக் கொண்டுவந்தது, டொயோட்டா தொடர்கிறது, பிஎம்டபிள்யூ 2028இல் ஒரு கார் தருவதாகச் சொல்லியிருக்கிறது. தென் கொரியாவிலும் ஜப்பானிலும் அரசுகள் பணம் போடுகின்றன. இருந்தாலும் இவை சிறிய எண்ணிக்கைகள்.

கனரக வண்டிகளுக்கு வேறு கணக்கு

40 டன் லாரி ஒரு நாளில் 800, 1,000 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் அதற்குப் பல டன் எடையுள்ள பேட்டரி வேண்டும். அந்த எடைக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும், சார்ஜ் ஏற நேரமும் வேண்டும். இங்கே ஹைட்ரஜனுக்கு இடம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் டைம்லரின் சோதனை லாரி ஒன்று, ஒருமுறை நிரப்பிய திரவ ஹைட்ரஜனில் ஜெர்மனியில் 1,047 கிலோமீட்டர் ஓடியது. ஹூண்டாயின் எக்ஸியன்ட் லாரிகள் 2020 முதல் சுவிட்சர்லாந்தில் சரக்கு இழுக்கின்றன. சீனாவில் எரிபொருள் கல வாகனங்கள் என்றாலே பெரும்பாலும் லாரியும் பேருந்தும்தான்.

ஆனால் லாரியிலும் பேட்டரி விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். அந்த 45 நிமிடத்தில் பெரிய சார்ஜரில் மாட்டிவிட்டால், அடுத்த நாலரை மணி நேரத்துக்கான மின்சாரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும். ஓட்டுநர் எப்படியும் நிற்க வேண்டிய இடத்தில் "5 நிமிடத்தில் நிரப்பலாம்" என்ற பெருமைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. லாரிக்கு ஹைட்ரஜன் என்று முடிவு கட்டிப் பேசும் கட்டுரைகள் இந்த ஓய்வு விதியை அநேகமாகக் குறிப்பிடுவதே இல்லை. டைம்லரே தன் ஹைட்ரஜன் லாரியின் தொடர் உற்பத்தியை 2030களின் தொடக்கத்துக்குத் தள்ளிவைத்துவிட்டது. லாரிக்கான கலம் காரில் இருப்பதைப் போல 5,000 மணி நேரம் உழைத்தால் போதாது, 25,000 மணி நேரமாவது தாங்க வேண்டும் என்ற சவாலும் பாக்கி நிற்கிறது.

எரிபொருள் கலம் சத்தமில்லாமல் வென்ற இடம் ஒன்று உண்டு: கிடங்குகளில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட். அமெரிக்காவின் பெரிய கிடங்குகளில் பல்லாயிரக்கணக்கில் இவை ஓடுகின்றன. மூன்று ஷிப்டும் ஓடும் வண்டிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. கூரைக்குக் கீழே ஓடுவதால் புகையும் கூடாது. வண்டி வெளியே எங்கும் போகாது, எனவே ஒரே ஒரு நிரப்பும் குழாய் போதும். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகளிலும் இதே கலம்தான், நீருக்கடியில் சத்தமின்றி வாரக்கணக்கில் இருக்க முடிகிறது. எரிபொருள் வந்து சேரும் வழி குறுகலாகவும் உறுதியாகவும் இருக்கும் இடங்களில் எல்லாம் இது நன்றாக வேலை செய்கிறது.

அதனால் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் நான் வண்டியைப் பார்க்க மாட்டேன், பச்சை ஹைட்ரஜனுக்காக யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். உரத்துக்கான அம்மோனியா தயாரிக்க ஹைட்ரஜன் கட்டாயம் வேண்டும், பேட்டரி அங்கே உதவாது. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேண்டும். நிலக்கரி இல்லாமல் இரும்புத் தாதுவிலிருந்து இரும்பை எடுக்கவும் அதுதான் முதன்மையான வழி. இவர்களுக்கு மாற்று கிடையாது, கார்களுக்கு இருக்கிறது. கிடைக்கிற கொஞ்சம் பச்சை ஹைட்ரஜனும் முதலில் இவர்களுக்குப் போவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஓர் எஃகு ஆலையோ துறைமுகமோ தன் தேவைக்கு ஹைட்ரஜனைக் கொண்டுவந்துவிட்டால், அதன் வாசலிலேயே ஒரு குழாய் வைத்து அங்கே வந்துபோகும் கனரக லாரிகளுக்கும் சுரங்க வண்டிகளுக்கும் நிரப்புவது பெரிய காரியமில்லை. லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஹைட்ரஜன் வாகனங்களின் அடுத்த தலைமுறையை நான் எதிர்பார்ப்பது அந்த வாசல்களில்தான்.